தாழ்கிற வண்டி, ஏறுகிற கணக்கு

புழலில் டாடா ஏஸ் ஓட்டுகிறான் என் அக்கா மகன். அந்தக் குட்டி யானையைத் தரையோடு தரையாக இறக்கி, ஸ்பிரிங் பட்டைகளுக்குப் பதில் ஏர் சஸ்பென்ஷன் மாட்ட வேண்டும் என்பது அவன் ஆசை. "சுவிட்சைத் தட்டினா ஏறும், இறங்கும் மாமா!" என்று செலவுக் கணக்கை நீட்டினான். ஏர் பெல்லோஸ், கம்ப்ரசர், டேங்க், வால்வு, வெல்டிங் கூலி... எல்லாம் இருந்தது.

இல்லாத வரிகளை நான் சேர்த்தேன். பட்டறையில் வண்டி நிற்கும் நாட்களின் வாடகை இழப்பு. அந்த மாதத் தவணை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. சரக்கு வண்டிக்கு முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம் எஃப்.சி. வாங்க வேண்டும். அங்கே வண்டி நின்றால், அக்கா வீட்டு அடுப்பும் நிற்கும்.

"அப்போ ஆசையே படக்கூடாதா?" என்றான்.

"2024-ல் சென்னைக்கு வந்த தாழ்தளப் பேருந்து, ஸ்டாப்பிங்கில் கதவுப் பக்கம் தாழுதே, அதுவும் இதே காத்து வேலைதான்டா. சக்கர நாற்காலியில் வர்றவங்க ஏறுறதுக்காக" என்றேன்.

யோசித்தான். இப்போது ஞாயிறுதோறும் ஒரு பஸ் பட்டறையில் ஏர் சஸ்பென்ஷன் வேலை பழகுகிறான். வண்டி அதே உயரம்தான். கடன் பாக்கிதான் மாதாமாதம் இறங்குகிறது.