கூரை போட்ட பாலம்

விடியுமுன் ஹட்டனில் ரயில் ஏறினோம், பெரியப்பாவும் நானும். அவர் தோட்டத்து ஃபெக்டரியில் முப்பது வருஷம் மரவேலை பார்த்தவர். "போகொடைப் பாலத்த ஒரு தடவ கண்ணால பாத்துறணும்யா" என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹாலி எலயில் இறங்கி த்ரீவீல் பிடித்தோம். போகொடை விகாரையைத் தாண்டிப் படியிறங்கினால் கல்லந்த ஓயாவின் இரைச்சல். அதன்மேல் ஒரு வீடு நிற்பதுபோல் ஓட்டுக்கூரையோடு பாலம். ஏறத்தாழ ஐம்பதடி நீளம், ஆறடி அகலம். 16ஆம் நூற்றாண்டில் கட்டியது என்கிறார்கள். பதுளையிலிருந்து கண்டிக்குப் போகும் பழைய பாதை இதன் வழியாகத்தான் சென்றது.

பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். செதுக்கிய தூண்களை நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் குந்தி உட்கார்ந்து பொருத்துகளைத் தடவினார். ஒரு மரத்தில் குடைந்த துளைக்குள் இன்னொரு மரத்தின் நாக்கு. இரண்டையும் ஊடுருவி ஒரு மர ஆணி. அதன் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அசையவில்லை.

"இரும்பாணி துருப்பிடிச்சா சுத்தியிருக்க மரத்தையும் சேத்துத் தின்னுரும். மர ஆணி அப்படியில்ல. மரம் ஊதுனா இதுவும் ஊதும், வத்துனா இதுவும் வத்தும்."

மேலே பலா, கீழே தாங்குவது கும்புக். நம் மருத மரந்தான். ஆற்றங்கரையிலேயே வேரோடி வளர்கிற மரத்தை ஆற்றுக்குள் நிறுத்தியவன் மரத்தை நன்றாக அறிந்தவன்.

கூரை எதற்கு என்று கேட்டேன். ஆளுக்கல்ல, பொருத்துக்கு என்றார். துளைக்குள் மழைத்தண்ணீர் தேங்கினால் மரம் அங்கிருந்துதான் உளுக்கத் தொடங்குமாம். சுவிஸில் இருக்கும் மச்சான் அனுப்பிய லூசேர்ன் பாலத்தின் படம் நினைவுக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டுப் பாலம், அதற்கும் கூரை உண்டு. 1993இல் பெரும்பகுதி எரிந்தும், மறுவருஷமே அதை எழுப்பிவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஓடை. அதன்மேல் போட்ட பலகை மூன்று மழைக்குத் தாங்காது. போன வருஷம் அது உடைந்து தங்கச்சி மகளின் கால் உள்ளே இறங்கி, தொடைவரை சிராய்த்துவிட்டது. எழுதிக் கொடுத்தோம், புதுப் பலகை வந்தது. அதுவும் மழையில்தான் கிடக்கிறது. இத்தனை மழை பெய்யும் மலையில், கூரை போட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனது என்னை உறுத்தியது.

பெரியப்பா பாலத்து ஓரமாய் நின்று அண்ணாந்து பார்த்தார். ஓட்டு விளிம்பு பலகையைத் தாண்டி எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறது என்று கண்ணாலேயே அளந்தார். திரும்பும் ரயிலில் தெமோதரை தாண்டும்வரை பேசவில்லை. பிறகு என் பேனாவை வாங்கி, டிக்கெட்டின் பின்பக்கம் இரண்டு சரிவுக் கோடு இழுத்தார்.

"நம்ம ஓடைக்கு எட்டடித் தகரம் ஆறு போதும்யா."