ஞாயிறு இரவு ஏழு மணி

பொழுதுபோக்கு என்ற சொல்லை எங்கள் லயத்தில் எவரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. காலையில் பெரட்டுத் தப்பு ஒலித்தது முதல் மாலையில் கொழுந்து நிறுத்து முடியும்வரை பொழுது தோட்டத்துக்குச் சொந்தம். எஞ்சிய இரவு உறக்கத்துக்குச் சொந்தம். போக்குவதற்கென்று தனியே ஒரு பொழுது யாரிடம் இருந்தது? ஆகவே, அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே எனக்கு ஒரு பொழுதுபோக்கு வாய்த்துவிட்டது என்று எழுதும்போது, களவாய்ச் சேர்த்த பொருளுக்குக் கணக்குக் காட்டுகிறவனைப்போல் சிறிது கூசுகிறேன். அதுவும் இடையிலே இருபது ஆண்டுகளுக்குமேல் கைவிட்டிருந்த பொழுதுபோக்கு.

பாட்டுக் கேட்பதற்காக வானொலியைத் திருப்புவதை நான் சொல்லவில்லை. அமெச்சூர் வானொலி என்று ஒன்றுண்டு. தன் கையால் அமைத்த கருவியைக்கொண்டு, முன்பின் அறியாத மனிதர்களோடு கடல் கடந்து பேசுவது. கூலி இல்லை, வியாபாரம் இல்லை. பரீட்சை எழுதி அரசாங்கத்திடம் அனுமதிப்பத்திரம் பெற்றால் ஓர் அழைப்புக்குறி தருவார்கள். இலங்கையருக்கு அது ‘நான்கு, எஸ், ஏழு’ என்று தொடங்கும். இந்தியருக்கு ‘வி, யூ’ என்று. அழைப்புக்குறி உள்ளவர் பேசலாம். இல்லாதவர் பிறர் பேசுவதைக் கேட்டு, எந்த நாளில் எந்த நேரத்தில் எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி அனுப்பலாம். நான் இந்த இரண்டாம் சாதியைச் சேர்ந்தவன்.

என்னை இதில் இழுத்துவிட்டவர் எஞ்சின் மாமா. ஹட்டனுக்கு அருகே எங்கள் தோட்டத்து ஸ்டோரில் எஞ்சின் பார்த்தவர். யுத்த காலத்தில் இராணுவப் பட்டறையொன்றில் எடுபிடியாக இருந்து, அங்கே பழுதுபார்க்க வந்த கருவிகளைப் பார்த்துப் பார்த்தே வானொலி கற்றவர். ஸ்டோரில் மின்சாரம் இருந்தது; லயத்தில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குத்தான். கங்காணி வீட்டு வானொலியிலிருந்து கழித்துப்போட்ட பற்றரிகளை மாமா வாங்கிவந்து, பத்துப் பன்னிரண்டை ஒன்றாகக் கோத்து எஞ்சிய உயிரைக் கறந்துவிடுவார். ஒரே ஒரு வால்வு, மூங்கில் குழாயில் சுற்றிய செப்புக் கம்பி, காதில் மாட்டும் ஒலிவாங்கி. இவ்வளவுதான் எங்கள் நிலையம். லயத்துக் கூரையிலிருந்து எதிரே நின்ற சவுக்கு மரம்வரை ஒரு கம்பியை இழுத்துக் கட்டியிருந்தோம். அதிலே துணி காயப்போட வந்த பெண்களோடு மாமா நடத்திய சண்டைகள் தனிக் கதை.

மோர்ஸ் குறிகளையும் மாமாதான் சொல்லித் தந்தார். குறில், நெடில் என்று அவர் அதற்குப் பெயர் வைத்திருந்தார். இப்போதும் மோர்ஸ் ஒலி எனக்கு அசையும் சீருமாகத்தான் கேட்கிறது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு முதலாவது செயற்கைத் துணைக்கோளை விண்ணில் ஏவியது. 83 கிலோ எடையுள்ள அந்த உலோகப் பந்துக்குள் இருந்த பரப்பியின் சக்தி ஒரே ஒரு வாட். 20 மெகாஹெர்ட்ஸிலும் 40 மெகாஹெர்ட்ஸிலும் அது ஒலிக்கும் என்ற செய்தியை, ஏவுவதற்கு முன்னரே சோவியத் அமெச்சூர்களின் இதழில் வெளியிட்டிருந்தார்கள். வல்லரசுகளின் இரகசியங்களையே கேட்டுப் பழகிய உலகத்தில் இது ஓர் அதிசயம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று கதவைத் திறந்துவைத்தார்கள். உலகெங்கும் அமெச்சூர்கள் கேட்டார்கள். 14 வயதுப் பையனாகிய நானும் கேட்டேன். எத்தனையாவது இரவு என்று நினைவில்லை. மழை விட்டிருந்தது. இரைச்சலுக்கு நடுவே கிணற்றடித் தவளைபோல் ஒரு குரல் தோன்றி, சீராக விட்டுவிட்டு ஒலித்து, சில நிமிடங்களில் தேய்ந்து மறைந்தது. மாமா ஒலிவாங்கியைக் கழற்றி என் அப்பாவின் காதில் வைத்தார். அப்பா கம்பளியைப் போர்த்தியபடி கேட்டார். “இது எங்கேயிருந்து வருது?” என்றார். மாமா விரலை மேலே காட்டினார். அப்பா கூரையைப் பார்த்தார். தகரத்தில் ஓட்டை ஒன்று இருந்தது. அடுத்த நாள் அதை அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்த உற்சாகத்தில் மாஸ்கோ வானொலிக்கு ஒரு கடிதம் எழுதினேன். சில மாதங்கள் கழித்து வர்ணப் படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. நான் கேட்டது மெய்தான் என்று அத்தாட்சி. ஆனால் அது நேரே என் கைக்கு வரவில்லை. லயத்துக் காம்பராக்களுக்கு முகவரி கிடையாது. எங்கள் கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கு வந்து, அங்கிருப்பவர்கள் பார்த்து, மனம் வைத்தால் நம்மிடம் வரும். மறுநாள் பெரட்டில் எல்லோருக்கும் முன்னால் அப்பாவை நிறுத்தி, “ஒம் மவனுக்கு ரஷ்யாவுல யாரு இருக்கா?” என்று கேட்டார்கள். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. அன்று அவருக்கு அரைப்பேர்தான் விழுந்தது. சவுக்கு மரத்துக் கம்பியை அவிழ்க்கச் சொல்லி உத்தரவும் வந்தது. அரைநாள் கூலியை விலையாகக் கொடுத்து வாங்கிய அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. கம்பியை மாமா பீர்க்கங்காய்ப் பந்தலுக்கு மாற்றிவிட்டார்.

இங்கே ஒரு சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். 1912-இல் அமெரிக்க அரசாங்கம் சட்டம் ஒன்று இயற்றி, அமெச்சூர்களை 200 மீட்டரும் அதற்குக் குறைந்த நீளமுமுள்ள அலைகளுக்கு ஒதுக்கித் தள்ளியது. நெடிய அலைகளே தூரம் போகும், குட்டையானவை உதவாக்கரை என்பது அக்கால நிபுணர்களின் தீர்ப்பு. நல்ல அலைகளைக் கடற்படையும் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. அந்தத் தரிசிலே அமெச்சூர்கள் உழுதார்கள். 1923 நவம்பரில், சுமார் நூறு மீட்டர் அலையில், பிரான்சிலிருந்த ஓர் அமெச்சூரும் அமெரிக்காவிலிருந்த ஓர் அமெச்சூரும் அத்திலாந்திக்குக்கு மேலாக உரையாடினார்கள். சிற்றலைகள் வானத்தின் மேலடுக்கில் மின்னேறிய காற்றுமண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பூமியைச் சுற்றி வரும் என்று தெரிந்ததும், உதவாக்கரை நிலத்துக்குச் சட்டென்று விலை ஏறிவிட்டது. அரசாங்கங்களும் கம்பெனிகளும் திரும்பி வந்து வேலி போட்டன. காடாய்க் கிடந்த மலையை வெட்டித் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

1966-இல், எனக்கு 23 வயதில், அனுமதிப்பத்திரத்துக்கான விண்ணப்பம் ஒன்றைக் கையில் வாங்கினேன். அப்போது தோட்டப் பாடசாலையில் உதவி ஆசிரியன். பெயர், வயது, கல்வி எல்லாம் எழுதினேன். ‘எந்த நாட்டுப் பிரஜை’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை இந்த நாட்டுப் பிரஜைகளாக ஏற்கவில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக ஒத்திவைத்தது. இதில் நான் எந்தக் கணக்கில் வருவேன் என்று எனக்கே தெரியாது. கட்டத்தை வெறுமையாக விட்டு அனுப்பியிருக்கலாம். நிராகரித்தார்கள் என்று சொல்லிக்கொள்ளும் பெருமையாவது மிஞ்சியிருக்கும். நான் அனுப்பவேயில்லை. மாமா படிவத்தைப் பார்த்துவிட்டு, “காத்துல போறதுக்கும் பாஸ்போட்டாப்பா?” என்றார்.

அவருக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது, இந்தியப் பாஸ்போர்ட். 1972-இல் ஹட்டன் ஸ்டேஷனில் அவரை ரயிலேற்றினேன். தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். அந்த நாட்களில் ஹட்டன் ஸ்டேஷனில் எழுந்த அழுகையைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். மாமா மட்டும் அழாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போவது நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம். நேர்கோட்டில் ஏறக்குறைய 650 கிலோமீட்டர். ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது ஒரே தாண்டல். இரண்டு சைக்கிள் விளக்கு எரிவதற்கு வேண்டிய சக்தி போதும், நாங்கள் இருவரும் தினமும் பேசலாம். வேண்டியதெல்லாம் இரண்டு அழைப்புக்குறிகள். அவை எங்களிடம் இல்லை.

ரயில் நகரும்போது ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பேசத்தானே முடியாது, கேட்கலாமே! ஞாயிறு இரவு ஏழு மணிக்கு, அவர் அங்கேயும் நான் இங்கேயும் இலங்கை வானொலியை ஒரே அலைவரிசையில் வைத்துக் கால்மணி நேரம் கேட்பது. என்ன நிகழ்ச்சி என்பது முக்கியமில்லை. ஏறத்தாழப் பதினொரு வருடம் இதைச் செய்தோம். மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். குடும்பச் செய்தி இரண்டு வரி, மீதியெல்லாம், “போன ஞாயிறு ரெண்டாவது பாட்டு நடுவுல சத்தம் அமுங்கிப் போச்சு, ஒங்க பக்கமும் அப்படியா?” என்பது போன்றவை. அமுங்கியிருந்தால் வானத்தில் நேர்ந்த குழப்பம். இல்லாவிட்டால் அவருடைய பற்றரி. மூன்று வார்த்தை பேச உரிமையற்ற இரண்டு மனிதர்கள் காற்றுமண்டலத்தை ஆராய்ந்துகொண்டிருந்தோம் என்றால் சிரிப்பாகத்தான் இருக்கிறது. கோத்தகிரியில் அவரைச் ‘சிலோன்காரர்’ என்றார்களாம். இங்கே இருந்தவரை அவர் ‘இந்தியாக்காரன்’.

எழுபதுகளின் இறுதியில் எனக்குப் ‘பதிவுப் பிரஜை’ என்று சான்றிதழ் கிடைத்தது. அப்போது ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று கேட்பீர்கள். 1977-இல் மலைநாட்டில் லயங்கள் எரிந்தன, 1981-இல் எரிந்தன, 1983 ஜூலையில் என்ன நடந்ததென்று எல்லோரும் அறிவர். ஒரு தமிழ் வாத்தியாரின் கூரையில் நீண்ட செப்புக் கம்பி எதற்கு என்ற கேள்விக்கு, “பொழுதுபோக்கு” என்று பதில் சொல்லித் தப்ப முடியுமா? என் மனைவி ஓரிரவில் கம்பியை அறுத்துச் சுருட்டி, கருவியையும் சேர்த்துச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாள். அவள் செய்தது சரி. மாமாவின் கடிதங்களும் அடுத்த ஆண்டு நின்றுவிட்டன. கடைசியாக நான் எழுதியதற்குப் பதில் வரவில்லை.

நிக்கொலாய் ஷ்மித் என்பவரைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். 1928-இல் நொபிலேயின் ‘இத்தாலியா’ ஆகாயக் கப்பல் வடதுருவப் பனியில் விழுந்தபோது, தேடிக்கொண்டிருந்த கப்பல்களுக்குக் கேட்காத அபயக்குரல், ரஷ்யக் கிராமமொன்றில் தானே செய்த கருவியோடு உட்கார்ந்திருந்த இந்த இளைஞருக்குக் கேட்டது. அவர் கொடுத்த தகவலால் தேடுதலுக்குத் திசை கிடைத்தது. ‘கிராசின்’ என்ற சோவியத் பனியுடைப்புக் கப்பல் எஞ்சியவர்களை மீட்டது. நாடே அவரைக் கொண்டாடியது. அதே ஷ்மித்தை 1942-இல் உளவாளி என்று குற்றஞ்சாட்டிச் சுட்டுக் கொன்றார்கள். பல ஆண்டுகள் கழித்துக் குற்றமற்றவர் என்றார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த அட்டையை நெஞ்சோடு வைத்திருந்த எனக்கு இதை ஜீரணிப்பது எளிதாக இருக்கவில்லை. எங்கள் தோட்டத்துப் பெரட்டில் கேட்ட கேள்வியை அங்கேயும் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்பதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சாக்கை நான் அவிழ்த்தது 2005-இல். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது தொலைபேசிகள் செயலிழந்தன. இலங்கை அமெச்சூர்கள் அம்பாந்தோட்டைக்குக் கருவிகளோடு போய்க் கொழும்புக்குத் தகவல் அனுப்பினார்கள். அந்தமானில் இந்திய அமெச்சூர் பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து அதே பணியைச் செய்தார். பத்திரிகையில் இதைப் படித்த அன்று பரணில் ஏறினேன். வால்வு உயிரற்றிருந்தது, மூங்கில் குழாயை எலி தின்றிருந்தது. பழைய சிற்றலைப் பெட்டியொன்றை வாங்கினேன்.

திரும்பி வந்தவனுக்கு வீடு அடையாளம் தெரியவில்லை. முன்னர் நெரிசலாயிருந்த அலைவரிசைகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. 2017 ஏப்ரலில் பிபிசி தமிழோசையும் சிற்றலையை விட்டுப் போயிற்று. எஞ்சிய இடத்தைப் புதிய விளக்குகளும் கைபேசி மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சல் நிரப்புகிறது. ஆனால் மோர்ஸ் இன்னும் இருக்கிறது. சூரியனும் இருக்கிறது. சூரியப் புள்ளிகள் பெருகும் பருவத்தில் சிற்றலைகள் வெகுதூரம் போகும். அப்பருவம் ஏறக்குறைய 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். நான் ஸ்புட்னிக்கைக் கேட்டது அப்படி ஒரு மகா பருவத்தில். 2024-இல் அந்த உச்சம் மறுபடி வந்தபோது சூரியன் ஆறு சுற்று முடித்திருந்தது.

ஒரு மாணவி என்னிடம் வருகிறாள். லயத்திலிருந்து வந்து உயர்தர வகுப்பில் பௌதிகம் படிப்பவள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்தான இடம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம். அப்போது அவள் குழந்தை. மழை பெய்து மின்சாரம் போனால் கைபேசிக் கோபுரமும் ஊமையாகிவிடும் என்பதை அவளுக்கு நான் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அனுபவிக்கிறாள். எங்கள் டிவிசனில் பேசத் தெரிந்த, பேச உரிமையுள்ள ஒருவர் கருவியோடு இருக்க வேண்டும் என்பது அவள் கட்சி. நான் சொல்லிக்கொடுத்த கட்சி என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சுகம்.

சென்ற ஞாயிறு இரவு ஏழு மணிக்கு ஏழு மெகாஹெர்ட்ஸில் ஓர் இந்திய நிலையம் மோர்ஸில் அழைத்துக்கொண்டிருந்தது. அவள் எழுத்தெழுத்தாகக் குறித்தாள். ஊர்ப்பெயர் வந்தபோது நான் எட்டிப் பார்த்தேன். நாக்பூர். என் விரல் மேசைப் பலகையில் பதில் தட்டிக்கொண்டிருந்ததை அவள்தான் கவனித்தாள். அந்த நிலையம் வேறு யாருக்கோ பதில் சொல்லத் தொடங்கியது.

பிறகு விண்ணப்பத்தை எடுத்தாள். இரண்டு படிவங்கள் கொண்டுவந்திருந்தாள், ஒன்று எனக்காம். பிரஜாவுரிமைக் கட்டத்தை, கேட்காமலே, ஒரு நொடியில் நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போனாள். அங்கே நின்றுவிட்டாள்.

“சேர், முகவரிக்கு என்ன எழுதுறது?”

தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் லயத்தின் இலக்கத்தையும் எழுதச் சொன்னேன். கடிதம் கந்தோருக்குத்தான் வரும்.