பீரோவுக்குப் பின்னாடி ஒரு ரவுட்டர்

"கம்ப்யூட்டர்தானேடா படிக்கிற? முதல்ல இந்த டிவியைச் சரி பண்ணு."

சொன்னது எங்க பாட்டி. டிடிஹெச்சை நிறுத்திட்டு எல்லாத்தையும் ஆப்பிலேயே பாக்கலாம்னு வீட்டில் சொன்னவன் நான்தான். பொங்கலுக்கு அப்புறம் எட்டரை மணி சீரியலில் பாதி நேரம் திரையில் வட்டம்தான் சுத்தியிருக்கு. ஹாஸ்டலிலிருந்து நான் போனில் சொன்ன ஒரே வைத்தியம், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." முழங்கால் வலியோட தினமும் எழுந்து போய் அதைச் செஞ்சது பாட்டி. ஸ்டடி லீவுக்கு வீட்டுக்குப் போனப்பதான் இது தெரிஞ்சது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பேப்பரில் நான் வாங்கின கிரேடைப் பத்தி அதுக்கப்புறம் வாயே திறக்கல.

அப்பா 50 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக்கத் தயாரா இருந்தார். ஆனா ஃபுல் ஹெச்டிக்கு நெட்ஃபிளிக்ஸே கேக்கிறது 5 எம்பிபிஎஸ், 4கேவுக்கு 15. ரவுட்டர் பக்கத்துல நின்னு ஸ்பீட் டெஸ்ட் போட்டா 48 காட்டுது. சரிதான், ஆனா பாட்டி அங்க உக்காந்து சீரியல் பாக்கலையே!

எட்டரைக்கு லேப்டாப்பை டிவி ஸ்டாண்டிலேயே வெச்சு ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு, பிங் போட்டேன். பெட்ரூமில் இருக்கிற ரவுட்டர் ஹாலுக்குப் பதில் சொல்ல 400 மில்லிசெகண்ட் எடுக்குது; நடுநடுவே பதிலே இல்லை. அப்புறம் லேப்டாப்பை ரவுட்டரிலேயே கேபிள் போட்டு இணைச்சு, வெளியே 8.8.8.8-க்குப் பிங் போட்டேன். ஆடாம அசையாம 12-ல நிக்குது. இவ்வளவு நாளா நெட் கம்பெனிக்காரங்களைத் திட்டினதெல்லாம் வீண். கோளாறு எங்க வீட்டுக்குள்ளதான்.

நடுவுல என்ன இருக்கு? பொங்கலுக்கு பெயின்ட் அடிச்சப்ப இடம் மாத்தின இரும்பு பீரோ. அதைத் தாண்டி வர்றதுக்குள்ள 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் மெலிஞ்சு போகுது, டிவி 2.4-க்குத் தாவிடுது. பகல்ல அது போதும். ராத்திரி அபார்ட்மென்ட் மொத்தமும் வீடு திரும்பினதும் எல்லா வைஃபையும் அதே 2.4-ல நெரியுது. அதுல ஒண்ணோட ஒண்ணு மோதாத சானல் 1, 6, 11-னு மூணுதான்; நான் எண்ணினப்ப 19 ரவுட்டர்.

"பீரோவை நகர்த்தலாமாப்பா?"

"கன்னி மூலையில இருக்கு. தொடாதே."

அதோட அந்த வழி அடைஞ்சது. 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி, வாசல்படிக்கு மேல கிளிப் அடிச்சு, டிவிக்கு இழுத்தேன். டிவியோட லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். "வைஃபையே 300 காட்டுமேடா"ன்னு ரூம்மேட் போனில் சிரிச்சான். காட்டும், எட்டரை மணிக்குக் காட்டாது. அம்மாவுக்குத்தான் புது பெயின்ட் மேல ஒயர் ஓடுறது பிடிக்கல.

மறுநாள் எட்டு இருபத்தஞ்சுக்கு பாட்டி முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாங்க.

"எங்க பாட்டி?"

"சீரியல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஒரு தடவை ஆஃப் பண்ணி வெச்சிடறேன்டா."