கப்பல் கட்டணமும் கணக்கு நோட்டும்



உல்லாசக் கப்பலில் பயணம் செய்வது பற்றி எழுத ஒரு மதரஸா ஆசிரியனுக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். மாதச் சம்பளத்தில் மளிகைப் பாக்கியைத் தீர்த்து, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டி, மிச்சம் பிடிப்பதே பெரும்பாடாக இருக்கும் குடும்பம் எங்களுடையது. ஆயினும், பணத்தை இழந்து ஒரு பாடத்தைக் கற்றவனுக்கு அதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் கடமை இருக்கிறது. இழந்தது பணம் மட்டுமாக இருந்திருந்தால் ஒருவேளை எழுதாமலே இருந்திருப்பேன். என் அவசரத்தால் ஓர் ஆண்டையும் இழந்தேன். அதுவும் எழுபத்து நான்கு வயதான என் தாயாரின் ஓர் ஆண்டை.

உம்மாவின் ஆசை

என் உம்மாவின் வாப்பா பினாங்கில் சிறு கடை வைத்திருந்தவர்கள். எங்கள் கடற்கரை ஊர்களில் இத்தகைய வாப்பாமார்கள் வீட்டுக்கு ஒருவர் இருந்தார்கள். 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பல் 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்துகொண்டிருந்தது. கப்பல் நாகப்பட்டினத்தில் கரையை ஒட்டி நிற்காது. தொலைவில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். படகில் ஏறிப் போய்த்தான் அதில் ஏற வேண்டும். அந்தப் படகு சிறுத்துக்கொண்டே போனதைக் கரையில் நின்று பார்த்தது உம்மாவுக்கு இன்றும் நினைவிருக்கிறது. அப்போது அவர்களுக்கு ஏழு வயது. ஒன்பதாம் வயதில் பினாங்கிலிருந்து மவுத்துச் செய்தி தந்தியாக வந்தது.

“வாப்பா போன கடலை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்” என்பது உம்மாவின் நெடுநாள் ஆசை. 2023ஆம் ஆண்டு, சிங்கப்பூரில் இருக்கும் என் லாத்தாவின் கணவர் தொலைபேசியில் ஒரு செய்தி சொன்னார்கள். “மாப்பிள்ளை, இங்கிருந்து மூன்று இரவுப் பயணமாகக் கப்பல்கள் போகின்றன. சிலவற்றுக்குப் பினாங்கிலும் நிறுத்தம் உண்டு. மாமியை அழைத்து வாருங்கள்” என்றார்கள். உம்மாவின் முகத்தில் அன்று தோன்றிய ஒளியைக் கண்டபின் எனக்கு வேறு யோசனையே எழவில்லை.

நான் செய்த தவறு

அதே வாரத்தில் ஒரு பயண முகவரின் விளம்பரம் கண்ணில் பட்டது. ‘நபருக்கு ரூ. 24,000 மட்டுமே’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். உம்மா, என் மனைவி, பன்னிரண்டு வயது மகள், நான் ஆக நால்வர். 96,000 ரூபாய் ஆகும் என்று மனக்கணக்குப் போட்டேன். கையில் ஒரு லட்சத்துச் சொச்சம் சேர்ந்திருந்தது. “இன்று மாலையோடு இந்த விலை முடிகிறது” என்றார் முகவர். 30,000 ரூபாய் முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து முழுக் கணக்கு வந்தது. விமானக் கட்டணம் நீங்கலாக ரூ. 1,78,000! பலகணி வைத்த அறைகள் இரண்டு, துறைமுக வரி, பணியாளர் அன்பளிப்பு, பெரியவர் மூவருக்கும் ‘பானத் தொகுப்பு’, பினாங்கைச் சுற்றிக் காட்ட நால்வருக்கும் தனிக் கட்டணம், முகவரின் சேவைக் கட்டணம் என்று பட்டியல் நீண்டது. மதுவைத் தொடாத குடும்பத்துக்குப் பானத் தொகுப்பு எதற்கு என்று கேட்டேன். “எல்லோருக்கும் இப்படித்தான் போடுவோம், பாய். கையில் இல்லாவிட்டால் தவணையில் கட்டுங்கள்” என்றார். வட்டியோடு கூடிய தவணைக்கு நான் எப்படி உடன்படுவேன்? வேண்டாம் என்றேன். அப்படியானால் முன்பணம் திரும்பாது என்றார். நான் கையெழுத்திட்ட தாளின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அவ்வாறே அச்சிட்டிருந்தது.

வாசகர்களே, நான் வரலாற்றில் பி.ஏ. பட்டம் பெற்றவன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவன் அல்லன். குர்ஆனின் மிக நீளமான வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் அது. ஆண்டுதோறும் அதை மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்து விளக்கம் சொல்லி வருபவன், தன் கைக்கு வந்த தாளின் மறுபக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. முகவரைக் குறை சொல்லி என் வெட்கத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

பயணம் நின்றுபோயிற்று என்று சொன்னபோது உம்மா, “அதனாலென்ன, நஸீபு இருந்தால் போகலாம்” என்றார்கள். அந்த மழைக்காலத்தில் நெஞ்சுச் சளியால் மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தார்கள். அந்தப் பதினோரு இரவுகளும் நான் உறங்கவில்லை.

என் மனைவியின் நோட்டு

உம்மா தேறி வீடு திரும்பியபின், என் மனைவி பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள். “முதலில் கேள்விகளை எழுதுவோம், பிறகு பணத்தைச் சேர்ப்போம்” என்றாள். சிங்கப்பூரில் மச்சான் கப்பல் நிறுவனங்களின் அலுவலகத்திலும், பயணம் போய்வந்த நண்பர்களிடமும் விசாரித்துச் சொன்னார்கள். அப்படி நாங்கள் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

விமானத்தில் பினாங்கு போனால் இன்னும் மலிவல்லவா என்பது முதற்கேள்வி. பல குடும்பங்களுக்கு அதுவே சரியான விடையாக இருக்கும். கப்பல் கட்டணத்தில் தங்குமிடமும் மூன்று வேளை உணவும் அடங்கும் என்பதால், விமானச் சீட்டோடு விடுதியையும் உணவையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். ஊரைப் பார்ப்பது மட்டுமே நோக்கமென்றால் விமானத்தில் போய்வாருங்கள். உம்மா கேட்டது கடலை. ஆகவே கப்பலைத் தேர்ந்தோம்.

அடுத்தது விளம்பர விலையின் பொருள். ‘நபருக்கு இவ்வளவு’ என்பது ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவர் கட்டணத்தையோ அதற்கு நெருங்கிய தொகையையோ கட்ட நேரும். மாறாக, அதே அறையில் தங்கும் மூன்றாம், நான்காம் நபருக்குக் கட்டணம் வெகுவாகக் குறையும். நால்வருக்கு இரண்டு அறை எடுப்பதைவிட, கீழே இரண்டு, மேலே இரண்டு என்று படுக்கை உள்ள ஓர் அறையே போதும். அதிலும் ஜன்னல் இல்லாத உள்ளறைதான் விலை குறைந்தது. கடல் பார்க்க மேல்தளம் எல்லோருக்கும் பொது. அறையில் இருப்பது உறங்கும் நேரம்தானே? எந்த அறை என்பதை நிறுவனமே பிறகு முடிவு செய்யும் என்று ஒப்புக்கொண்டால் இன்னும் சற்றுக் குறையும். முதியவர் இருந்ததால் நாங்கள் அதற்கு இசையவில்லை. ஆட்டம் குறைவாகத் தெரியும் கீழ்த்தளத்தின் நடுப்பகுதியில், மின்தூக்கிக்கு அருகில் கேட்டு வாங்கினோம். மலிவு என்பதற்காக ஒரு முதியவரின் வசதியைப் பறிப்பது சிக்கனம் ஆகாது.

மூன்றாவது, கட்டணத்துக்கு வெளியே இருப்பவை. துறைமுகக் கட்டணமும் வரியும் தலைக்கு இவ்வளவு என்று வரும். பணியாளர் அன்பளிப்பு தலைக்கு, நாளுக்கு என்று பல கப்பல்களில் தானாகவே கணக்கில் ஏறும். “எல்லாம் சேர்த்து, கப்பலைவிட்டு இறங்கும் வரை எவ்வளவு?” என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குங்கள். பானத் தொகுப்பை வேண்டாமென்று சொல்லுங்கள். பொது உணவுக்கூடத்தில் தண்ணீர், தேநீர் முதலியவை பெரும்பாலும் கட்டணத்திலேயே அடங்கும். ஹலால் உணவைப் பற்றி முன்கூட்டியே கேளுங்கள். சில கப்பல்களில் அதற்கெனத் தனி ஏற்பாடு உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. கரையை விட்டதும் கைத்தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிடுங்கள். நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் அது தானாகச் சேர்ந்துகொண்டால், வீடு திரும்பியபின் வரும் பில் மயக்கத்தை உண்டாக்கும்.

நான்காவது, காலம். பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, டிசம்பர் கடைசி ஆகியவற்றில் விலை ஏறும். வெள்ளிக்கிழமை புறப்படுவதைவிட ஞாயிறு புறப்பட்டு வார நடுவில் திரும்புவது பெரும்பாலும் மலிவு. கப்பல் நிறுவனங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை சலுகைகளை அதிகம் அறிவிக்கும். கடைசி நேரத்திலும் விலை குறைவதுண்டு. ஆனால் விசாவும் விமானச் சீட்டும் எடுக்கவேண்டிய நம்மைப் போன்றோருக்கு அது உதவாது. கப்பலில் மிச்சமான பணம் விமானத்தில் போய்விடும்.

ஐந்தாவது, ஆவணங்கள். சிங்கப்பூரிலிருந்து வெளியேறி மீண்டும் சிங்கப்பூருக்குள் நுழைவதால் பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா தேவை. மலேசியா 2023 டிசம்பரிலிருந்து இந்தியருக்கு விசா விலக்கு அளித்தது எங்கள் செலவைக் குறைத்தது. நீங்கள் போகும் சமயத்து விதியை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்தியாவிலுள்ள முகவரிடம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆறாவதாக, ரத்து விதி. புறப்படும் நாள் நெருங்க நெருங்க, திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே போகும். வானிலை முதலிய காரணங்களால் ஒரு துறைமுகத்தைத் தவிர்க்கும் உரிமை கப்பலுக்கு உண்டு என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். முதியவர்களுடன் போவோர் பயணக் காப்பீட்டைச் செலவாகக் கருதாதீர்கள்.

கணக்கும் கடலும்

மாதக்கணக்கில் சேர்த்தோம். பெருநாளுக்கு ஒரு புத்தாடையோடு நிறுத்தினோம். மகள் தன் உண்டியலை உடைத்து 1,140 ரூபாய் கொடுத்தாள். நான் வங்கி வழியாக அனுப்பிய பணத்தை மச்சான் கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்திலேயே கட்டினார்கள். உள்ளறை ஒன்று. முதல் இருவருக்கு 21,000 வீதம் 42,000. மற்ற இருவருக்கு 9,000 வீதம் 18,000. நால்வருக்கும் துறைமுகக் கட்டணம், வரி, அன்பளிப்பு எல்லாம் சேர்த்து 26,000. ஆக மொத்தம் ரூ. 86,000. இழந்த முன்பணத்தைச் சேர்த்தாலும் 1,16,000தான். அதுவும் முகவரின் கணக்கைவிட 62,000 ரூபாய் குறைவு.

2024 ஆகஸ்ட் இறுதியில் திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், ஒரு நாள் முன்னதாகவே லாத்தா வீட்டில் தங்கினோம். புறப்படும் நாளன்றே போய்ச் சேர்வது ஆபத்து. விமானம் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது.

முதல் இரவு உம்மா அறைக்குள் வரவே மறுத்தார்கள். மேல்தளத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இருட்டுக் கடலையே பார்த்திருந்தார்கள். “வாப்பா இதிலே அடித்தளத்திலே பாய் விரித்துப் படுத்துப் போனார்கள்” என்று மட்டும் சொன்னார்கள்.

பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுன் நகரின் விளிம்பிலேயே இருக்கிறது. பழைய நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவுக்குக் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாமல், ஒரு வாடகைக் காரில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குப் போனோம். நம் சமூகத்து முன்னோர் எழுப்பிய பள்ளி அது. தனியே சுற்றுவோர் கப்பல் குறித்த நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகவே திரும்பிவிட வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

உம்மாவின் வாப்பாவுடைய கபுறு எதுவென்று அறிய எங்களுக்கு வழியில்லை. பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, உம்மா நெடுநேரம் கையேந்தி அமர்ந்திருந்தார்கள். எழும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “போன வருஷம் போகாதது நல்லதுதான், தம்பி. கடன்பட்டு வந்திருந்தால் இங்கே உட்கார்ந்து உன் கடனுக்குத்தான் துஆ கேட்டிருப்பேன்” என்றார்கள்.

அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்ன சொல் என்பது எனக்குத் தெரியும். மருத்துவமனையில் கழிந்த அந்தப் பதினோரு இரவுகளில் எந்த ஓர் இரவும் எங்கள் கணக்கை முடித்திருக்கக்கூடும். அல்லாஹ் அவகாசம் தந்தான், அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் இரண்டாம் ஆண்டு கிடைப்பதில்லை. ஆகவே, அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவருக்கு இப்படி ஓர் ஆசை இருந்தால், இன்றே ஒரு நோட்டை எடுத்துக் கேள்விகளை எழுதத் தொடங்குங்கள். பணத்தைக் கொடுக்கும் முன்பு, தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் வாசியுங்கள்.