பிவா ஏரியின் குளிர்காலக் கரை

பெப்ரவரி மாதத்தில் ஜப்பானின் பிவா ஏரிக்கரையில் தூண்டிலோடு நிற்பவர்களைக் காணும் ஒருவருக்கு முதலில் எழும் ஐயம், இவர்கள் எதற்காக இங்கே நிற்கிறார்கள் என்பதே. மேற்கே ஹிரா மலைத்தொடர் பனி மூடிக் கிடக்கும். அங்கிருந்து இறங்கும் காற்று நீர்ப்பரப்பைக் கடந்து வந்து முகத்தில் அறையும். கடுங்குளிர்க் காலைகளில் தூண்டில் கோலின் வளையங்களில் ஒட்டிய நீர்த்துளி உறைந்து நரம்பைப் பிடித்துக்கொள்ளும். நான்கு மணி நேரம் எறிந்து எறிந்து இழுத்தும் ஒரு மீன்கூடத் தொடாமல் வீடு திரும்புவது அங்கே வழக்கம். வெறுங்கையோடு திரும்புவதற்கு ஜப்பானியத் தூண்டில்காரர்களிடம் ஒரு சொல் உண்டு: ‘போஸு’. மொட்டையடித்த பௌத்தத் துறவி என்பது அதன் நேர்ப்பொருள். குளிர்காலத்தில் பெரும்பாலோர் பெரும்பாலான நாட்களில் துறவிகளே.

அவர்கள் தேடுவது பெருவாய் பாஸ். பாஸ் என்றதும் நம் கழிமுகங்களில் கிடைக்கும் கொடுவாவை நினைத்துவிடக் கூடாது. கொடுவாவையும் ஆங்கிலத்தில் கடல் பாஸ் என்பதால் வரும் குழப்பம் அது. பெருவாய் பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் பிடிபட்ட மிகப் பெரிய பெருவாய் பாஸ் எது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, 1932 சூனில் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்தது. மற்றொன்று, 2009 சூலையில் இதே பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது. இரண்டும் 10 கிலோவைச் சற்றே தாண்டியவை. வேற்றுமை மிகச் சிறிதென்பதால் சாதனை இருவருக்கும் பொதுவாயிற்று. அவை கோடையில் கிடைத்தவை. குளிரில் கரையில் நிற்பவரின் கணக்கு முற்றிலும் வேறு.

மீனுக்குத் தனக்கென்று ஓர் உடல்வெப்பம் இல்லை. நீரின் வெப்பமே அதன் வெப்பம். நீர் 10 பாகை குளிர்ந்தால் உடலின் வேதிவினைகள் ஏறத்தாழப் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். 10 பாகை செல்சியசுக்குக் கீழே பாஸின் வளர்ச்சி அனேகமாக நின்றுவிடுகிறது. விழுங்கிய சிறுமீன் செரிப்பதற்கே நாட்கள் பிடிக்கும். ஆகவே குளிர்காலத்து பாஸ் பட்டினி கிடப்பதில்லை. அதற்குப் பசிப்பதே அரிது. கோடையில் பல அடி தொலைவு பாய்ந்து வந்து கவ்வும் அதே மீன், இப்போது மூக்கின் முன் வந்து நிற்பதை மட்டுமே பொருட்படுத்தும். அதையும் சில வேளைகளில் பொருட்படுத்தாது.

இதிலிருந்தே குளிர்காலத் தூண்டில்கலை முழுவதும் பிறக்கிறது. மிதக்கவும் செய்யாத, மூழ்கவும் செய்யாத ஒரு போலி மீனை நீரில் எறிகிறார்கள். இரண்டு முறை சுண்டி இழுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பத்து வினாடி, இருபது வினாடி, சிலர் அதற்கும் மேல். போலி மீன் நீரின் நடுவே அசையாமல் தொங்கும். செத்துக்கொண்டிருக்கும் சிறுமீனின் தோற்றம் அது. துரத்த வேண்டாத, செலவில்லாத உணவு. கோடைக்காரர்களுக்கு இந்தக் காத்திருப்பு வாய்க்காது. ஐந்தாம் வினாடியிலேயே கை துறுதுறுக்கும். கடியும் கடியாக இருப்பதில்லை. நரம்பு சற்றே கனத்தது போலவோ, ஈர இலை ஒன்று சிக்கியது போலவோதான் தோன்றும். இதற்கு நேர்மாறான வழியும் ஒன்றுண்டு: அதிரும் உலோகத் துண்டைத் தரையிலிருந்து வெடுக்கென்று தூக்கி மீண்டும் விழவிடுவது. அதைக் கவ்வும் மீன் பசியால் கவ்வுவதில்லை. கண்ணருகே ஏதோ பறந்தால் நம் கை தானே எழுவதைப் போன்றது அது.

படகில் செல்பவருக்கு ஒலிக்கருவி உண்டு. ஆழத்தில் மீன் எங்கே நிற்கிறதென்று திரையில் பார்த்து அதன் தலைக்கு நேர்மேலே இரையை இறக்கலாம். கரையில் நிற்பவருக்கு எறியும் தூரம் ஐம்பது, அறுபது மீட்டர். அதற்குள் மீன் வரவில்லையென்றால் கதை முடிந்தது. கரையிலிருந்து மட்டுமே பிடிப்பதை ஜப்பானியர் ‘ஒகப்பரி’ என்கிறார்கள். ‘ஒக’ என்றால் தரை. பிவா ஏறத்தாழ 670 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி. அதன் வடபகுதி சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் ஆழம். தென்பகுதியின் சராசரி ஆழமோ 4 மீட்டர்தான். ஆகவே கரைக்காரர் ஏரியை முழுவதும் மறந்துவிட்டு, கரையோரம் சட்டென்று ஆழமாகும் இடங்களை மட்டும் மனப்பாடம் செய்கிறார். மீன்பிடித் துறைகளின் சுவர்கள், ஆற்று முகங்கள், வெயில் குடித்த கற்குவியல்கள், அழுகாமல் பச்சையாக நிற்கும் நீர்ப்பூண்டுத் திட்டுகள். காற்றில்லாத வெயில் நாட்கள் இரண்டு தொடர்ந்து வந்தால் அந்த மாலையில் ஓரத்து நீர் ஒரு பாகை கூடியிருக்கும். மனிதத் தோல் அறியாத அந்த ஒரு பாகைக்காக வேலைக்கு விடுப்பு எடுப்பவர்கள் உண்டு.

ஆனால் தூண்டில்காரர் விரும்பும் இதமான குளிர்காலம் ஏரிக்கு நல்லதன்று. ஒவ்வோர் ஆண்டும் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்கி, அடியாழத்துக்கு உயிர்வளியைக் கொண்டுசெல்கிறது. அப்பகுதியினர் இதை ஏரியின் ஆழ்மூச்சு என்று அழைக்கிறார்கள். 2019, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளின் குளிர்காலங்களிலும் வடபகுதியின் ஆழத்தில் இந்த மூச்சு முழுமையடையவில்லை. விரல்கள் மரத்துப்போகும் நாளே ஏரி மூச்சுவிடும் நாள்.

இனி அந்த மீன் அகப்பட்டுவிட்டது என்று கொள்வோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பாஸ் ஜப்பானுக்கு உரிய மீன் அன்று. 1925-இல் தெத்சுமா அகாபோஷி என்ற தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொணர்ந்து ஹகோனேயிலுள்ள ஆஷி ஏரியில் விட்டார். பிவாவில் அது முதன்முதலாகக் காணப்பட்டது 1974-இல். அதன் உறவுமீனான புளூகில்லின் கதை இன்னும் விந்தையானது. 1960-இல் அன்றைய பட்டத்து இளவரசர் அகிஹிட்டோ சிகாகோ சென்றபோது அந்நகர மேயர் அளித்த அன்பளிப்பு அது. உணவுக்காக வளர்க்கலாமென்று கொண்டுவரப்பட்ட மீன், நாட்டின் நீர்நிலைகளெங்கும் பரவிற்று. 2007-இல், பேரரசராக, இதே ஏரிக்கரையிலுள்ள ஒட்சு நகருக்கு வந்த அவர், அதன் விளைவு தம் மனத்தை வருத்துவதாகப் பலரறியச் சொன்னார். அவரே மீனியல் ஆய்வாளர் என்பதால் அச்சொற்கள் வெறும் சடங்காக ஒலிக்கவில்லை.

இவ்விரு மீன்களும் தின்று தீர்த்தவற்றில் நிகோரொபுனா என்னும் உள்நாட்டுக் கெண்டையின் குஞ்சுகளும் அடங்கும். அந்தக் கெண்டையை உப்பிலும் சோற்றிலும் மாதக்கணக்கில் ஊறவைத்துச் செய்யும் ஃபுனாசுஷி, சுஷியின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்று. மீன் அருகியதும் அந்த உணவும் விலையேறி, அன்றாடத்திலிருந்து விலகிற்று. 2003 முதல் ஷிகா மாகாணத்தின் விதி, பிடித்த பாஸையும் புளூகில்லையும் மீண்டும் நீரில் விடக் கூடாது என்கிறது. 2005-இல் நடைமுறைக்கு வந்த நாடளாவிய சட்டம், உயிரோடு வேறிடம் கொண்டுசெல்வதையும் வளர்ப்பதையும் குற்றமாக்கியது. கரையோரங்களில் பிடித்த மீனைப் போடுவதற்கென்றே பெட்டிகள் வைக்கப்பட்டன. மாகாண விதியை மீறினால் தண்டனை ஏதும் இல்லை. குளிர்கால மாலையில் ஆளரவமற்ற கரையில், விதியைக் காப்பதும் விடுவதும் மீனைப் பிடித்திருக்கும் கையைப் பொறுத்தது.

அமெரிக்காவில் இதே மீனைத் திரும்ப விடுவதுதான் நாகரிகம். அங்கே 1970-களில் தூண்டில் போட்டிகளின் வழியாகப் பரவிய அந்த நெறி, தூண்டிலோடு சேர்ந்து கடல் கடந்து வந்தது. ஜப்பானிய இளைஞர்கள் இரண்டையும் ஒன்றாகவே கற்றார்கள். எனவே பெட்டியைப் பார்த்ததும் அவர்களுக்குக் கோபம் வருவது புரியக்கூடியதே. அவர்களிடம் வலுவான வாதமும் உண்டு. 1972 முதல் 1997 வரை நடந்த பெரும் வளர்ச்சித் திட்டத்தில் கரைகளைக் கற்சுவராக்கி, நீர்மட்டத்தை மதகுகளால் ஏற்றி இறக்கி, கெண்டை முட்டையிடும் நாணற்காடுகளைச் சுருக்கியது யார் என்று கேட்கிறார்கள். அது பாஸின் வேலையன்று. கேள்வி நியாயமானது, ஆனால் அதனால் பாஸின் வாய் சிறியதாகிவிடாது. வாழிடம் குறுகிய மீனினத்துக்குத்தான் புதிய வேட்டைமீன் இரட்டிப்புக் கேடு.

இதில் குளிர்காலத்துக்குத் தனிக் கனம் உண்டு. பாஸில் மிகப் பெரியவை அனேகமாகப் பெண்மீன்கள். இளவேனிலில் இடவேண்டிய முட்டைகள் குளிர்காலத்திலேயே அவற்றின் வயிற்றில் முதிரத் தொடங்கிவிடும். ஆகவே பெப்ரவரியில் பெட்டிக்குள் போகும் ஒரு பெரிய மீனோடு பல்லாயிரம் முட்டைகளும் போகின்றன. ஏரியின் பக்கம் நின்று பார்த்தால் இதைவிடப் பயனுள்ள மீன்பிடிப்பு இல்லை. பிடித்தவரின் பக்கமோ வேறு. அந்த மீன் எந்தக் கல்லருகே, எந்த வெப்பத்தில், எத்தனை வினாடி அசைவின்மைக்கு இசையும் என்று மூன்று குளிர்காலம் கற்றவர் அவர். அதை அவரளவு அறிந்தவர் அந்தக் கரையில் வேறு எவரும் இல்லை. சிலர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து நீரில் விடுகிறார்கள். சிலர் பெட்டிவரை நடக்கிறார்கள். பெட்டிக்கும் மனம் ஒப்பாமல், விதியையும் மீறாமல், பாஸைக் கெண்டையைப் போலவே உணவாகக் கருதத் தொடங்கியவர்களும் உண்டு.

அவர்கள் மீனைக் கரையிலேயே கொன்றுவிட வேண்டும். உயிரோடு வண்டியில் ஏற்றினால் அது குற்றம். வாடை தோலிலும் கொழுப்பிலும்தான் இருக்கிறது என்பதால் தோலை முழுதாக உரித்துவிட வேண்டும். எஞ்சும் சதை வெள்ளையாகவும் மென்மையாகவும் இருக்கும். குசட்சு நகரிலுள்ள பிவா ஏரி அருங்காட்சியகத்தின் உணவகத்தில் அதை மாவில் தோய்த்துப் பொரித்து, சூடான சோற்றின்மேல் வைத்துப் பரிமாறுகிறார்கள். குளிர்காலத்து மீனில் அந்த வாடை குறைவு என்பது கரைக்காரர்களின் பேச்சு.