ராத்திரி மூணு மணிக்கு எழுந்து போறது யாரு?

புனேக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. "என்னப்பா வேலை பாக்குறே?" என்று கேட்கிற ஊர்ச் சித்தப்பாக்களுக்கு இன்னும் புரிகிற மாதிரி பதில் சொல்லத் தெரியவில்லை. ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ஊரைச் சுற்றி 6 ஸ்கேன் சென்டர், ஸ்விட்ச், ரவுட்டர், சர்வர் என்று மொத்தம் 300 சொச்சம் பெட்டிகள். சென்டரில் எடுக்கிற சி.டி. படம் இந்த ஒயர் வழியாகத்தான் டாக்டர் மேஜைக்கு வரணும். லைன் செத்தால் படம் வராது, நோயாளி ஸ்ட்ரெச்சரிலேயே காத்துக் கிடப்பார்.

போன வருஷம் இந்தப் பெட்டிகளைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் தேடச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒரு கட்டண மென்பொருளின் கொட்டேஷன் மேலதிகாரியின் மேஜையில் இருந்தது. கூடவே ஒரு யோசனையும். "இது வந்துட்டா நைட் ஷிஃப்ட்ல ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தரைக் குறைச்சிடலாமே?"

அந்த ஒருத்தன், பர்பணியிலிருந்து வந்து ஒப்பந்தச் சம்பளத்தில் ஓட்டுகிற பையன். நம்மை மாதிரியே பிழைக்க வந்தவன். குழந்தை பிறந்து நாலு மாசம்தான் ஆகியிருந்தது.

ஒரு மாசம் அவகாசம் கேட்டு வாங்கி, பழைய சர்வர் ஒன்றில் மூன்று ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் நாகியோஸ். ஈத்தன் கால்ஸ்டட் 1999-ல் நெட்செயின்ட் என்று ஆரம்பித்தது, 2002-ல் இந்தப் பெயருக்கு மாறியது. நம்பகமான பழைய ஆள். ஆனால் 300 பெட்டிக்கும் உள்ளமைவைக் கோப்பு கோப்பாக எழுதணும். நான் இல்லாத நாளில் அதைத் தொட மற்றவர்கள் பயப்படுவார்கள்.

அடுத்தது லிப்ரெஎன்எம்எஸ். 2013-ல் அப்சர்வியத்திலிருந்து பிரிந்தது. ஒரு ஸ்விட்சைக் காட்டினால் பக்கத்து ஸ்விட்சைத் தானே விசாரித்துக் கண்டுபிடிக்கும். கிராஃப் பிரமாதம்.

மூன்றாவது ஸாபிக்ஸ். லாத்வியாக்காரர் அலெக்ஸி விளாடிஷேவ் உருவாக்கியது, 2001-ல் வெளிவந்தது. என்னைக் கவர்ந்தது அதன் ப்ராக்ஸி. ஒவ்வொரு சென்டரிலும் சின்னப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டால், லைன் அறுந்த நேரத்திலும் அங்கே நடப்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, லைன் வந்ததும் ஒப்பிக்கும். சென்டர் லைன்கள் அடிக்கடி படுத்துக்கொள்கிற எங்களுக்கு இதுதான் தேவை.

இன்னொன்று, குறிப்பிட்ட நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் அதையே ஆபத்தாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கோவில்பட்டியிலிருந்து அம்மா தினமும் காலை 6 மணிக்கு வாட்ஸ்அப்பில் முருகன் படம் அனுப்புவார். 7 மணி வரை வரவில்லையென்றால் என் மனைவி பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டுவிடுவாள். வெளியூரில் இருக்கிற நம் எல்லார் வீட்டிலும் இந்த மென்பொருள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது!

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஒரு மாடியின் முதன்மை ஸ்விட்ச் போனால் அதன் பின்னாலுள்ள 40 பெட்டியும் சேர்ந்து கத்தும். எது எதைச் சார்ந்தது என்று சொல்லிவைத்தால் ஒரே ஒரு அலாரம்தான் வரும். நாற்பது வந்தால் நாலாவது நாள் எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். இரண்டு, போர்ட்டின் பழைய 32 பிட் மீட்டர், முழுவேகத்தில் ஓடும் 1 ஜிகாபிட் லைனில் சுமார் 34 விநாடிக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 5 நிமிஷத்துக்கு ஒருமுறை பார்ப்பவருக்குக் கிடைப்பது கற்பனை கிராஃப். 64 பிட் மீட்டரைத்தான் படிக்கணும்.

ஸாபிக்ஸ் 2024-ல் வந்த 7.0-லிருந்து ஏஜிபிஎல் உரிமத்துக்கு மாறிவிட்டது. எங்களை மாதிரி சொந்த உபயோகத்துக்கு அதனால் ஒரு சங்கடமும் இல்லை.

கடைசியில் மேலதிகாரிக்கு நீட்டியது ஒரே ஒரு தாள். இடப்பக்கம் கட்டண மென்பொருளின் வருடாந்திர லைசென்ஸ் தொகை. வலப்பக்கம் பையனின் வருடச் சம்பளம். இடப்பக்கம்தான் அதிகம். "சார், எந்த மென்பொருளும் கத்த மட்டும்தான் செய்யும். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து போய் ஒயரைச் செருகுறது ஆள்தான். ஓப்பன் சோர்ஸும் சும்மா வராது, அதைப் பார்த்துக்க ஆள் வேணும். அந்தக் காசை ஆளுக்குக் கொடுப்போம்" என்றேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்தார். ஆறு மாசம் பார்க்கலாம் என்றார்.

பையன் இப்போது ஸாபிக்ஸ் டெம்ப்ளேட்டைத் தானே எழுதுகிறான். நாலாவது மாசம் ஒரு ராத்திரி, ஒரு சென்டரில் யூ.பி.எஸ். பேட்டரிக்கு மாறியதை அலாரத்தில் பார்த்து, காவலாளியை எழுப்பி ஜெனரேட்டரைப் போட வைத்தான். காலையில் டாக்டர்களுக்கு இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். அடுத்த வருஷமும் யாராவது கொட்டேஷனோடு வருவார்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.