வேட்டை என்னும் சொல்

குறிஞ்சித் திணை நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் வேட்டையைப் பற்றிப் பேச வேண்டியிருக்கும். தலைவன் வில்லோடு தினைப்புனத்துக்கு வருவான். அம்பு பட்ட மானோ யானையோ இந்தப் பக்கம் வந்ததா என்று புனம் காக்கும் பெண்ணிடம் கேட்பான். வேழம் வினாதல், மான் வினாதல் என்று அதற்குத் துறைப் பெயர்களே உண்டு. அவன் கேட்பது விலங்கை, தேடி வந்தது பெண்ணை என்று சொன்னதும் வகுப்பு சிரிக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. பர்கூர் மலைப்பக்கத்துப் பெண். வகுப்பு முடிந்ததும் வந்து, "எங்க பாட்டிகிட்டயும் அப்படித்தாம்மா கேட்டுக்கிட்டு வந்தாங்க, வீரப்பன் வந்தானான்னு" என்றாள். அதற்குமேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளில் நான் நந்தனத்தில் பள்ளிக்கூடப் பெண். வீட்டுக்கு வரும் செய்தித்தாளில் 'தேடுதல் வேட்டை' என்ற தொடர் கண்ணில் படாத வாரம் இல்லை. நகரத்துக்கு அது இரண்டு ஆண்களின் கதை: மீசை வைத்த கொள்ளைக்காரன், அவனைத் துரத்தும் காவல் அதிகாரி. 2023இல் வந்த ஆவணத் தொடரின் தலைப்பிலும் வேட்டைதான். அதிரடிப்படை தேடிய ஆள் ஒருவன், அகப்பட்டவர்கள் சோளகர்களும் மலையடிவார ஏழைகளும். சோறு போட்டாயா, ராகி கொடுத்தாயா, வழி காட்டினாயா? துப்பாக்கியோடு வந்து கேட்பவனுக்குச் சோறு போடாமல் இருக்க மலைக்கிராமத்துப் பெண்ணால் முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை. இந்தப் பக்கம் வந்தவனிடமும் துப்பாக்கி இருந்தது, அந்தப் பக்கம் வந்தவனிடமும் இருந்தது.

மாதேஸ்வரன் மலையில் இருந்த விசாரணை முகாமுக்கு 'ஒர்க் ஷாப்' என்று பெயர். தமிழ் படித்தவள் என்பதால் இந்தச் சொல்லிடம் எனக்குத் தனி அச்சம் உண்டு. ஒர்க் ஷாப்பில் பழுது பார்ப்பார்கள், கழற்றுவார்கள், மாட்டுவார்கள். அங்கே மனித உடம்பில் மின்சாரம் பாய்ச்சினார்கள். பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் அமைத்த நீதிபதி சதாசிவா குழுவின் முன் வந்து அவர்கள் இவற்றைச் சாட்சியமாகச் சொன்னார்கள். ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் 2004இல் வந்தது. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சியில் வாங்கிய பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் பாடத்தில் வைக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னபோது, மூத்த பேராசிரியர் ஒருவர், "இது நாவலா, வழக்கு மனுவாம்மா?" என்று கேட்டார். இரண்டாகவும் இருந்தால் என்ன குறை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதே 2004 அக்டோபர் 18 இரவு வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். சில வாரங்களுக்குள் அதிரடிப்படையினர் 750க்கும் மேற்பட்டோருக்குத் தலா மூன்று லட்சம் ரூபாயும் வீட்டுமனையும் பதவி உயர்வும் அறிவிக்கப்பட்டன. அவர்கள் எல்லோரும் வதைத்தவர்கள் அல்லர். ஆனால் வதைத்தவர் யார் என்று பிரித்துப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்று அரசு காத்திருக்கவும் இல்லை. பாதிக்கப்பட்டவர்களில் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொல்லி ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு மூன்று லட்சத்துச் சொச்சம். வேட்டையாடியவருக்கும் வேட்டையாடப்பட்டவருக்கும் ஏறக்குறைய ஒரே விலை. வீட்டுமனை மட்டும் ஒரு பக்கத்துக்கு.

சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக ஆதிவாசிகளையே ஆயுதம் ஏந்தவைத்த படைக்கு 'சல்வா ஜுடூம்' என்று பெயர். அரசுத் தரப்பு அதை அமைதி இயக்கம் என்றது. கோண்டியில் அதன் நேர்ப்பொருள் 'தூய்மைப்படுத்தும் வேட்டை' என்று எழுதுகிறார் மானிடவியலாளர் நந்தினி சுந்தர். அவர் தொடுத்த வழக்கில் 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அதே ஆண்டு அக்டோபரில் கைதான ஆதிவாசி ஆசிரியை சோனி சோரி, காவலில் தன் உடம்புக்கு என்ன செய்தார்கள் என்பதைச் சிறையிலிருந்து எழுதினார்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 2011 செப்டம்பர் 29 அன்று, தருமபுரி நீதிமன்றத்தில் வாச்சாத்தி தீர்ப்பு. 1992 ஜூன் 20 அன்று சந்தனமரம் தேடி வந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் 269 பேர்மீது வழக்கு. ஆண்கள் பலர் ஓடி ஒளிந்திருந்ததால் அகப்பட்டவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள், பள்ளி வயதுச் சிறுமி உட்பட. தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போயிருக்க, மிஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் இதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் கொடுக்கச் சொல்லி, அதில் ஐந்து லட்சத்தை வன்புணர்வுக் குற்றவாளிகளிடம் வசூலிக்கவும் சொன்னது.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது அதற்கெல்லாம் முன்பு நடந்த அடையாள அணிவகுப்பைத்தான். அகப்பாட்டில் கேள்வி கேட்பவன் ஆண், புனத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவள் பெண். இங்கே ஆண்கள் வரிசையாக நின்றார்கள். வாச்சாத்திப் பெண்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்து, இவன், இவன் என்று கையை நீட்டினார்கள்.